காய்வதற்குள் முடிவாகும் கடத்துத்திறன்

குறைக்கடத்திப் பாலிமரைக் கரைப்பானில் கரைத்தால் மை கிடைக்கிறது. அந்த மையை அச்சிட்டு உலர்த்தினால் டிரான்சிஸ்டரோ சூரிய மின்கலமோ ஆகிவிடும். ஈரம் காயும் அந்தச் சில நொடிகளில்தான் பாலிமர்ச் சங்கிலிகள் எப்படி அடுக்கப்படும், எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதெல்லாம் முடிவாகிறது. அதனால் ஒரே மையை இரண்டு விதமாக அச்சிட்டால் கிடைப்பவை, மின்னியல் கணக்கில், இரண்டு வேறு பொருள்கள்.

மின்னூட்டம் ஒரு சங்கிலியின் நீளவாட்டில் வேகமாக ஓடும். பக்கத்துச் சங்கிலிக்குத் தாவுவதும் முடியும், இரண்டு சங்கிலிகளிலும் உள்ள அணு வளையங்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருந்தால். பி3எச்டி என்ற பாலிமரில் இந்த இடைவெளி ஏறத்தாழ 0.38 நானோமீட்டர். ஆனால் சங்கிலிகளின் ஓரத்தில் தொங்கும் ஹெக்ஸைல் வால்கள் மின்கடத்தா வேலிகள். அவை பிரிக்கும் அடுக்குகளின் தூரம் 1.6 நானோமீட்டர். அந்தத் திசையில் மின்னூட்டம் நகர்வது அரிது. ஆகவே படிகம் எத்திசையில் அமர்ந்திருக்கிறது என்பதே முதல் கேள்வி.

1999-ல் கேம்பிரிட்ஜின் ஹென்னிங் சிரிங்ஹவுஸும் சக ஆய்வாளர்களும் இதை எண்ணாகவே காட்டினார்கள். மூலக்கூறின் ஒழுங்கையும் படலம் உருவாகும் விதத்தையும் மாற்றியபோது, வளையங்கள் அடித்தளத்தின்மேல் செங்குத்தாக நின்றன அல்லது தட்டையாகப் படுத்தன. இரண்டுக்கும் மின்னூட்டத்தின் நகர்திறனில் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் படலத்தின் கிடைவாட்டில் ஓடுவதால் நிற்கும் வளையங்களே அதற்கு நல்லவை. சூரிய மின்கலத்தில் மேலிருந்து கீழே ஓட வேண்டும். அங்கே படுத்திருப்பவைதான் வேண்டும்.

ஆய்வகங்களில் வழக்கமான சுழற்பூச்சு, மையை வேகமாகச் சுழற்றிப் பரப்பி சட்டென்று காயவைக்கிறது. குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிப்பது. அதில் கரைத்த சங்கிலிகளுக்கு ஒழுங்குபட நேரமே இருக்காது, இடியாப்பச் சிக்கலாக உறைந்துவிடும். 180 டிகிரியில் கொதிக்கும் டைகுளோரோபென்சீன் மெல்லக் காய்வதால் படிகங்கள் வளர இடம் கொடுக்கிறது. அதோடு, சுழற்பூச்சில் மையின் பெரும்பகுதி வெளியே சிதறி வீணாகிறது. தொழிற்சாலைக்கு இது ஒத்துவராது.

அங்கே பிளேடால் இழுப்பதும், ஓடும் தாளில் துளைவாய் வழியே பூசுவதுமே வழி. பிளேடு மெல்ல நகர்ந்தால், மை அதன் விளிம்பிலேயே காய்ந்து படலம் வளர்கிறது. வேகம் கூடக்கூடப் படலம் மெலிகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் கதை தலைகீழ்: ஈரப்படலமே இழுத்துவரப்பட்டுப் பிறகு தனியே காய்கிறது, வேகம் கூடக்கூடத் தடிக்கிறது. சங்கிலிகளை இழுக்கும் திசையில் வரிசைப்படுத்த பெரும்பாலும் மெதுவான பகுதியே உதவுகிறது. அச்சு வேகத்தையே பெருமையாகப் பேசும் உற்பத்தியாளர்களுக்கு இது சங்கடமான செய்தி.

இன்க்ஜெட்டின் சிக்கல் வேறு. சில பிகோலிட்டர் அளவேயுள்ள துளி, ஓரத்தில் வேகமாக ஆவியாவதால் பாலிமரை அங்கே இழுத்துச் சென்று வளையமாகப் படியவைக்கிறது. காப்பிக் கறையின் ஓரம் கறுப்பதும் இதனால்தான். 1997-ல் சிகாகோ ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். மெல்ல ஆவியாகும் இன்னொரு கரைப்பானைச் சேர்த்தால், பரப்பு இழுவிசை வேறுபாடு எதிர்த்திசை ஓட்டத்தை உண்டாக்கி வளையத்தைத் தடுக்கும்.

மிகப் பெரிய பாய்ச்சல் பெடாட்–பிஎஸ்எஸ் கலவையில் தெரிகிறது. பெடாட் கடத்துவது, பிஎஸ்எஸ் அதை நீரில் மிதக்கவைக்கும் கடத்தாப் பொருள். அப்படியே பூசினால் கடத்துத்திறன் பெரும்பாலும் சென்டிமீட்டருக்கு 1 சீமென்ஸைத் தொடாது. 2015-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸெனான் பாவோவின் குழு, பிளேடால் இழுத்துப் பூசும் முறையைச் செப்பனிட்டு இரண்டையும் பிரிந்து ஒழுங்குபடச் செய்து, 4,600 வரை உயர்த்தியது. தாமிரத்தின் 6 லட்சத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் ஒளி ஊடுருவும், வளையும் மின்முனைக்கு இது போதும்.

எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில், எந்தக் கரைப்பானில் அச்சிட்டது என்று சொல்லாமல் ஒரு பாலிமருக்கு எழுதப்படும் கடத்துத்திறன் எண்ணை நம்பி வாங்கக் கூடாது.