தரகு போனாலும் வேலை போகாது

கைத்தொழிலாளர் தம் சரக்கை இணையம் வழியாக நேரே வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள் என்றாலே நம்மவர்களில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "இடைத்தரகர் ஒழிந்தார்" என்று மகிழ்வோரும் உண்டு. மொத்த வியாபாரத்தில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில், இரண்டு எண்ணமும் சரியல்ல என்பேன். கையால் செய்யும் இசைக்கருவிகளின் வியாபாரத்தைக் கவனித்தால் இது விளங்கும்.

தஞ்சாவூர் வீணை, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், மானாமதுரை மண்பாண்டம் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. நாகஸ்வரத்துக்கு 2022லும் மானாமதுரைக்கு 2023லும் அது கிடைத்தது. கண்ணால் பார்க்காமல் வாங்குகிற வெளியூர்க்காரருக்கு ஊர்ப்பெயர் ஒரு நம்பிக்கை. ஆனால் ஊர்ப்பெயர் மட்டும் வியாபாரத்தை முடித்து வைக்காது.

மானாமதுரைக் கடத்தையே பாருங்கள். நம் கடையில் மூட்டையிலிருந்து ஒரு பிடி துவரம்பருப்பை அள்ளிக் காட்டினால் மூட்டை முழுவதற்கும் அதுவே சாம்பிள். கடத்துக்கு அப்படி சாம்பிள் காட்ட முடியாது. ஒரே சூளையில் வெந்தவற்றிலும் ஒவ்வொன்றுக்கும் சுருதி வேறுபடும். வெந்தபின் பெரிதாகத் திருத்தவும் வழியில்லை. வித்வான் கடைக்கு வந்தால் பத்தைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பார். இணையத்தில் விற்பவர் அனுப்பப் போகும் அதே கடத்தை வாசித்துப் பதிவு செய்து, சுருதியையும் எடையையும் எழுதிக் காட்ட வேண்டும். பழைய படத்தைப் போட்டு வேறு கடத்தை அனுப்பினால் சரக்கு திரும்பி வரும்.

வீணையின் பாடு இன்னும் பெரிது. பலாமரத்தில் கடைந்த குடம், ஏழு தந்திகள், மெழுகில் பதித்த 24 மெட்டுகள். தந்தியைத் தளர்த்தி, குடத்துக்கும் யாளி முகத்துக்கும் அணை கொடுத்துப் பெட்டியில் அடைக்க வேண்டும். சித்திரை வெயிலில் லாரிக்குள் கிடந்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். போய்ச் சேர்ந்த ஊரில் மேளம் சரிசெய்ய ஆள் வேண்டும். இதையெல்லாம் முன்பு கடைக்காரர் பார்த்துக்கொண்டார். இப்போது செய்கிறவர் தலையில் விழுகிறது.

சட்டமும் அவர் பக்கமே திரும்புகிறது. 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, இணையச் சந்தையில் விற்ற பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது.

கடைக்குக் கொடுத்த விலையில் சிறிது கூட்டி இணையத்தில் போட்டால் லாபம் என்று தொழிலாளி நினைத்தால் கணக்கு உதைக்கும். பெட்டிக்கூலி, வண்டிக்கூலி, வழியில் உடையும் நஷ்டம், திரும்பி வந்ததைச் செப்பனிடும் செலவு, உளியைக் கீழே வைத்துவிட்டுப் போனில் பதில் சொல்லும் நேரம் இவை அனைத்தும் விலையில் ஏற வேண்டும். சொல்லிச் செய்யும் கருவிக்கு முன்பணம் வாங்காமல் மரத்தில் கை வைக்கக் கூடாது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நம்மிடம் பெட்டி கட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார். லாரி புக்கிங் அத்துபடி. சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுப்பது, பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டரிடம் சேர்ப்பது நமக்கு அன்றாட வேலை. தஞ்சையிலும் மானாமதுரையிலும் உள்ள வணிகர்கள் இந்த வேலைகளைப் பேசிய கூலிக்குச் செய்து கொடுக்கலாம். சரக்கின்மேல் செய்தவர் பெயரே இருக்கட்டும். பெயரை மறைத்துக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூடுதலுக்கு விற்கும் முறைக்கு இனி ஆயுள் குறைவு. போனில் தேடினால் செய்தவர் யார் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடுகிறது.

கருப்பட்டிக்கும் மலைத்தேனுக்கும் செக்கு எண்ணெய்க்கும் இது பொருந்தும். அவையும் நேரடி விற்பனைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தரம் பார்ப்பது, பத்திரமாகச் சேர்ப்பது, குறை வந்தால் பதில் சொல்வது ஆகிய மூன்றையும் யாராவது செய்தே தீர வேண்டும். செய்கிறவருக்குக் கூலி உண்டு. இந்த மூன்றில் நம் கடை எதைச் செய்கிறது என்று ஒவ்வொருவரும் இன்றே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.