திடலிலும் சிந்தனை வேண்டும்: உடற்கல்விப் பாடத்தைத் திட்டமிடுவது எப்படி?



உடற்கல்வி நேரம் என்பது என்ன? பந்தைக் கையில் கொடுத்து, "போய் விளையாடுங்கள்" என்று அனுப்பிவிடும் நேரமா? கணிதப் பாடம் முடியாத நாளில் கடன் வாங்கிக்கொள்ளும் நேரமா?

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மற்ற இனத்தவரைவிட இது அதிகம். உடலை அசைக்கும் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே வேர்விட வேண்டும். தொடக்கப்பள்ளியில் அதற்குக் கிடைப்பதோ வாரத்திற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதைத் திட்டமில்லாமல் செலவழிக்கலாமா?

மூன்று ஏணிகள்

1956-இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் அறிவுசார் கற்றலை ஆறு படிகளாக வகுத்தனர். 2001-இல் திருத்தப்பட்ட அந்தப் படிகள் இவை: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல்.

1964-இல் உணர்வும் பண்பும் சார்ந்த படிகள் வெளிவந்தன. 1970-இல் ஆர்.எச். தவே உடல் திறனுக்கு ஐந்து படிகளைத் தந்தார்: பார்த்துச் செய்தல், சொன்னபடி செய்தல், துல்லியமாகச் செய்தல், பலவற்றை இணைத்துச் செய்தல், இயல்பாகச் செய்தல்.

மூளைக்கு ஒன்று, மனத்திற்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என மூன்று ஏணிகள். மூன்றும் ஒருசேரத் தேவைப்படும் பாடம் உடற்கல்வி.

நம் தர ஆவணமும் இதையே கேட்கிறது. 2011-இல் தொடங்கி 2017-இல் சீராய்வு செய்யப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், உடல் திறன், உடல் தகுதி, அவ்விரண்டிலும் அறிவைப் பயன்படுத்துதல், விளையாட்டுப் பண்பு ஆகியவை இடம்பெற்றன. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியானாலும் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியானாலும் ஆவணம் ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு

காலா பாஞ்சாங் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். நம்மவர் கிளித்தட்டு என்று ஆடியதும் ஏறத்தாழ இதுதான். பெரிய திடல் இல்லாத பள்ளியிலும் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் போதும். கோட்டின்மீது நிற்பவர் தொடுவதற்குள் எல்லாக் கோடுகளையும் கடந்து திரும்ப வேண்டும்.

"மாணவர்கள் காலா பாஞ்சாங் விளையாடுவர்" என்று எழுதுவது நோக்கமாகாது. அது நடவடிக்கை மட்டுமே. நோக்கத்தை இப்படி எழுதலாம்:

1. உடல்: நான்கு முயற்சிகளில் மூன்று முறை, உடலை வளைத்துப் போக்குக் காட்டி ஒரு கோட்டைக் கடப்பர்.

2. அறிவு: எந்த இடைவெளி எப்போது திறக்கிறது என்பதைக் கவனித்து, அடுத்த ஆட்டத்திற்குக் குழுவாக ஓர் உத்தி வகுப்பர்.

3. பண்பு: தொடப்பட்டால் யாரும் சொல்லாமலே ஒப்புக்கொண்டு வெளியேறுவர்.

மூன்றாவதைக் கவனியுங்கள். நேர்மையைப் பற்றி நன்னெறிப் பாடத்தில் பேசலாம். திடலில் அதைச் செய்து காட்ட வேண்டியிருக்கிறது.

இப்படித் திட்டமிட்டால் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் இடம் உண்டு. வேகமாக ஓட முடியாத மாணவன் இடைவெளியைக் கண்டுபிடித்துக் குழுவுக்குச் சொல்லலாம். அதே வேளையில், இரண்டு கோடுகள் மட்டும் உள்ள சிறிய கட்டத்தில் அவனும் ஓடிப் பழகலாம். நன்றாக ஓடுபவனுக்கோ புதிய விதி ஒன்றை உருவாக்கும் பணி தரலாம். ஒரே விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஏற்ற படி கிடைக்கிறது.

கவனம் தேவை

உயர்நிலைச் சிந்தனை என்ற பெயரில் பிள்ளைகளை உட்காரவைத்து இருபது நிமிடம் விளக்கம் கொடுத்தால், அது உடற்கல்வி அல்ல. ஒரு கேள்வி, ஒரு நிமிடக் கலந்துரையாடல், மீண்டும் ஓட்டம். சிந்தனை அசைவுக்கு இடையில்தான் நடக்க வேண்டும். ஒரே பாடத்தில் எல்லாப் படிகளையும் ஏறிவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒவ்வோர் ஏணியிலும் ஒரு படி போதும்.

பெற்றோர்களே, "இன்று கணிதத்தில் என்ன படித்தாய்?" என்று கேட்கிறோம். "இன்று உடற்கல்வியில் என்ன கற்றாய்?" என்றும் கேளுங்கள். "விளையாடினோம்" என்பதற்கு மேல் ஒரு பதில் வந்தால், அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை என்று பொருள்.