இலக்கியம் பயின்றவருக்கு ஏற்ற உத்தியோகங்கள்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர் வட்டாரங்களிலிருந்தும் கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் கல்லூரிக்கு வந்து, தமிழ் இலக்கியத்தையோ ஆங்கில இலக்கியத்தையோ விருப்பப் பாடமாக ஏற்றுக்கொள்ளும் மாணவரைப் பார்த்து உற்றார் உறவினர் கேட்கும் முதற் கேள்வி, 'இதைப் படித்தால் வாத்தியார் வேலையைத் தவிர வேறு என்ன கிடைக்கும்?' என்பதே. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் பிள்ளையின் எதிர்காலத்தைக் குறித்து எழும் அக்கவலையை அற்பமானதென்று ஒதுக்குவது தகாது. ஆயினும் அக்கேள்விக்குரிய சிறந்த விடைகளுள் ஒன்று அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூருக்கு அண்மையிலுள்ள ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லில் இருந்துவருகிறது.

1981ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அக்குன்றின் இயற்கைக் குகையொன்றில் ஒரே வரியாலான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி என்னும் அரசன் அங்கே துறவிகளுக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி அதில் இருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி தம் சாசனங்களில் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு சேர்த்துக் குறிப்பிட்ட சத்தியபுத்திரர் யாவர் என்று சரித்திர ஆசிரியர்கள் நெடுங்காலமாக நிகழ்த்திவந்த விவாதம், இந்த ஒரு வரியால் பெரும்பாலும் தீர்ந்தது. அவர்கள் தகடூரை ஆண்ட அதியமான் மரபினரே என்பது புலனாயிற்று. ஆனால் தகடூர் மன்னனுடைய சாசனம் கோவலூரை, அதாவது இன்றைய திருக்கோவிலூரை, ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் நாட்டுக்குள் வந்தது எவ்வாறு? அதியமான் கோவலூரின் மீது படையெடுத்து வென்ற செய்தி புறநானூற்றில் இருக்கிறது என்பதை அறிந்தவருக்கே அக்குகையும் அச்சாசனமும் முழுப் பொருளோடு விளங்கும். உ.வே. சாமிநாதையர் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சம்பளம் பெற்று ஜீவித்துக்கொண்டே, ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி 1894இல் அந்நூலை அச்சிட்டிராவிட்டால், பின்வந்த தொல்லியலாளர்க்கு அந்தத் துணை கிடைப்பது எளிதாயிராது. திருக்கோவிலூர்க் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டொன்று சங்கப் புலவர் கபிலரையும் வள்ளல் பாரியின் மகளையும் குறிப்பிடுகிறது. அதைப் படிக்கவும் சங்க நூற் பரிசயமே வேண்டும்.

ஆகவே கல்வெட்டியல் என்பது, வரலாறு படித்தவர்க்கு மட்டுமன்றி இலக்கியம் படித்தவர்க்கும் உரிய தொழில் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்; இவ்வழியை இப்பகுதி மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு என்பது என் வருத்தம். மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் இதற்கெனப் பட்ட மேற்படிப்பு டிப்ளமா நடத்துகிறது. மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரில் இருக்கிறது. கல்லின் மேல் ஈரக் காகிதத்தைப் பரப்பி, மையொற்றி, மைப்படி எடுத்து, தேய்ந்த எழுத்துக்களைப் பொறுமையாகக் கூட்டிப் படிக்கும் இப்பணிக்கு வேண்டிய சிரத்தை, செய்யுளைப் பதம் பிரித்துப் பழகிய மாணவனிடம் ஏற்கெனவே பாதி அமைந்திருக்கிறது.

உறவினர் நினைக்கும் ஆசிரியர் பணியையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது உத்தமமான பணி. இளங்கலையோடு பி.எட். முடித்துத் தகுதித் தேர்வில் தேறினவர் பட்டதாரி ஆசிரியர் பதவிக்கும், முதுகலையோடு பி.எட். முடித்தவர் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வின் வழியே மேனிலை வகுப்பு ஆசிரியர் பதவிக்கும் முயலலாம். கல்லூரியில் கற்பிக்க விரும்புவோர்க்கு நெட் அல்லது செட் தேர்வு இருக்கிறது. நெட்டில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெறுவோர்க்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைப்பதால், ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் வீட்டுக்குப் பாரமின்றி ஆராய்ச்சி செய்ய முடிகிறது. இடங்கள் குறைவு, காத்திருப்பு நீண்டது என்பதை மட்டும் மறைக்கலாகாது.

போட்டித் தேர்வுகளில் தமிழ் படித்தவருக்குள்ள அனுகூலத்தைப் பலர் உணர்வதில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழிலிருந்தே வருகின்றன; குடிமைப் பணித் தேர்விலோ தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகக் கொண்டு இரண்டு தாள்களில் 500 மதிப்பெண்ணுக்கு எழுதலாம். எனினும் பட்டம் பெற்றபின் ஐந்தாறு ஆண்டுகளைப் பயிற்சி மையங்களிலேயே கழிக்கும் இளைஞர்களைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது. கைத்தொழில் போன்ற இரண்டாவதொரு திறமையைக் கல்லூரி நாட்களிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அத்தகைய திறமைகளுள் தலையாயது மொழிபெயர்ப்பு. நீதிமன்றங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவை; உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இன்று தமிழிலும் வெளிவருகின்றன. சென்னையில் 2023 முதல் நடைபெறும் சர்வதேசப் புத்தகக் காட்சியின் பயனாகத் தமிழ் நூல்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்ல அரசு நிதியுதவி அளிக்கிறது. ஆங்கில இலக்கியம் படித்தவருக்கு இங்கே தனிச் சிறப்பு உண்டு, அவர் தமிழைக் கைவிடாதிருந்தால். பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்துதல், நூற்செப்பம், அகராதித் தொகுப்பு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. 1974இல் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இன்றும் சென்னையில் இயங்குகிறது. கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சிகளும் பெருகியுள்ளன. 2022இல் மத்திய அரசு தொடங்கிய பாஷிணித் திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் ஆய்வுக் குழுவும் இந்திய மொழிகளின் பேச்சையும் எழுத்தையும் திரட்டிவருகின்றன. அவற்றைச் சரிபார்த்து வகைப்படுத்த இலக்கணமும் வட்டார வழக்கும் அறிந்தவர்கள் வேண்டியிருக்கிறார்கள்.

வட்டார வழக்கென்றதும் கல்வராயன் மலை நினைவுக்கு வருகிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய மூன்று சகோதரர்களின் சந்ததியினர் தாங்கள் என்று தம் மரபுக் கதையில் சொல்கிறார்கள். ஜாகிர்தார்களின் ஆட்சி அம்மலையில் 1976 வரை நீடித்திருந்தது. அக்காலத்தை நேரில் கண்டு நினைவில் வைத்திருக்கும் முதியோர் இப்போது மிக முதிர்ந்த வயதினர். கரிராமன் என்னும் தெய்வத்தின் வழிபாட்டைச் சேர்ந்த பாடல்களும், கல்யாணப் பாட்டும், ஒப்பாரியும், விடுகதையும், மரம் செடி கொடிகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களும் முறையாகப் பதிவு செய்யப்படாவிடில் அம்முதியோரோடு மறைந்துபோகும். இந்தப் பணியை வெளியிலிருந்து வருபவரைவிட, வீட்டில் அவ்வட்டார வழக்கையே பேசி, கல்லூரியில் நாட்டாரியலும் மொழியியலும் கற்ற அம்மலைப் பிள்ளைகளே திறம்படச் செய்ய வல்லவர்கள். அம்மலையிலுள்ள வெள்ளிமலை என்னும் ஊரைச் சுற்றியுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும், குழந்தையின் வீட்டுப் பேச்சைப் புரிந்துகொண்டு அங்கிருந்து பாடநூல் தமிழுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் வேண்டும். மைசூரின் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969 முதலும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 முதலும் இவ்வகை மொழி ஆராய்ச்சிகளை நடத்திவருகின்றன. முதுகலையில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டிய மாணவி, வழக்கமாகப் பலரும் எழுதிய ஒரு நாவலைப் பற்றியே மீண்டும் எழுதுவதை விடுத்து, தன் பாட்டியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, பாடியவரின் சம்மதத்தோடு எழுத்தில் வடித்து, சொற்களுக்குப் பொருள் குறித்து வைப்பாளாயின், ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு அவள் கையில் அந்தத் தொகுப்பு இருக்கும்.