வீட்டு ரவுட்டரை மாற்ற வேண்டியது எப்போது?

மாலை ஏழு மணியளவில் ஒடென்சேயின் பல தமிழ் இல்லங்களில் இணையத்தின் மீது ஒரே வேளையில் பெருஞ்சுமை ஏறுகின்றது. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் தமிழ் அலைவரிசை இணையவழியாக ஓடுகின்றது. மாடி அறையில் பிள்ளை ஆவ்லாவில் வந்த பாடசாலைச் செய்தியை மூடிவிட்டு விளையாட்டில் இறங்குகின்றது. சமையலறையில் இலண்டனிலுள்ள உறவினருடன் காணொளி அழைப்பு நடைபெறுகின்றது. படம் உறைந்து, குரல் துண்டு துண்டாகக் கேட்கும்போது பழி ரவுட்டரின் மீது விழுகின்றது. அந்த வார இறுதியிலேயே புதியதொன்று வாங்கப்படுகின்றது. நடுத்தரமான ஒரு ரவுட்டரின் விலை எளிதாக ஆயிரம் குரோனரைத் தாண்டும். பல அலகுகள் கொண்ட தொகுதியாயின் அதன் இருமடங்கோ மும்மடங்கோ செலவாகும். பணம் செலவான பின்பும் சமையலறையில் படம் முன்போலவே உறைந்து நிற்பது அரிதன்று.

ரவுட்டரை மாற்றுவதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று வேகக்குறைவு, மற்றையது பாதுகாப்புக் குறைவு. வேகக்குறைவு உடனே கண்ணுக்குப் புலப்படும். ஆனால் அதற்கான தீர்வு பெரும்பாலும் புதிய ரவுட்டராக இருப்பதில்லை. பாதுகாப்புக் குறைவு எந்த அறிகுறியையும் காட்டாது; அதற்கோ கருவியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நன்றாக வேலை செய்கின்றது என்று எவரும் தொடாமல் விட்ட பழைய கருவியே பல வீடுகளில் முதலில் மாற்றப்பட வேண்டியதாக இருக்கின்றது.

வேகம் எங்கே தொலைகின்றது?

முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு வலையமைப்புக் கம்பியும் போதும். மடிக்கணினியைக் கம்பியினால் நேரடியாக ரவுட்டருடன் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். பின்னர் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் வைஃபை மூலம் அளக்க வேண்டும். மூன்றாவதாக, தொல்லை தரும் அறைக்குச் சென்று அளக்க வேண்டும். இம்மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, சேவை ஒப்பந்தத்திலுள்ள வேகத்துடன் ஒப்பிட்டால் காரணம் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

கம்பியிலேயே வேகம் குறைவாக இருப்பின் வைஃபையைக் குறை கூறுவதில் பயனில்லை. இணைப்பிலோ கம்பியிலோ ரவுட்டரின் துளையிலோ கோளாறு இருக்கலாம். இங்கு 95 என்ற எண் ஒரு நல்ல தடயம். செக்கனுக்கு 500 அல்லது 1000 மெகாபிட் வேகத்துக்குக் கட்டணம் செலுத்தும் வீட்டில், கம்பி மூலம் எப்போது அளந்தாலும் 95 மெகாபிட்டுக்கு அருகிலேயே நின்றால், ரவுட்டரின் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் தர இயலாத பழைய வகையாக இருக்கலாம். அல்லது கம்பியினுள் இருக்கும் எட்டு இழைகளுள் ஒன்று அறுந்திருக்கலாம். முதலில் கம்பியை மாற்றிப் பார்ப்பதே மலிவு. அதன் விலை சில பத்துக் குரோனர்களே.

எண்களைப் படிக்கும்போது மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. எட்டு மெகாபிட் சேர்ந்ததே ஒரு மெகாபைட். கோப்பொன்றைத் தரவிறக்கும்போது திரையில் செக்கனுக்கு 12 மெகாபைட் என்று தெரிந்தால் அது ஏறத்தாழ 100 மெகாபிட் வேகமாகும்.

தேவை எவ்வளவு என்பதும் பலர் எண்ணுவதைவிடச் சிறியது. மிகத் தெளிவான 4கே திரைப்படம் ஒன்றுக்கு 15 முதல் 25 மெகாபிட் போதும். காணொளி அழைப்பொன்று நான்கைந்து மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் 100 மெகாபிட் உண்மையாகவே ஒவ்வோர் அறைக்கும் போய்ச் சேருமானால் தடை இராது. விளம்பரங்கள் ஆயிரத்தைப் பற்றிப் பேசுகின்றன. அழைப்பு உறைவதற்குக் காரணமோ கடைசி அறைக்கு ஐந்து மெகாபிட்கூடப் போய்ச் சேராமையே.

ரவுட்டர் இருக்கும் இடம்

டென்மார்க்கின் தனி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் ஃபைபர் இணைப்புப் பெட்டி பெரும்பாலும் சலவை அறையில், அல்லது மின்மானி இருக்கும் அலுமாரியில் பொருத்தப்படுகின்றது. தெருவிலிருந்து வரும் இழை சுவரைத் துளைத்து உள்நுழைவதற்கு அது வசதியான இடம். ஆனால் வைஃபைக்கு அதனினும் மோசமான இடம் வீட்டில் இல்லை. சலவை இயந்திரம், உறைகுளிர்ப்பெட்டி, வெந்நீர்க் கொள்கலன் என உலோகப் பொருள்கள் அனைத்தும் அங்கேதான் நிற்கின்றன. தமிழ் இல்லங்களில் விசேடத்துக்கு எடுக்கும் பெரிய சில்வர்ப் பாத்திரங்களும் அரிசி மூட்டையும் அவ்வறைக்கே வந்து சேர்கின்றன. வானொலி அலை உலோகத்தை ஊடுருவாது. தகரக் கதவுள்ள அலுமாரிக்குள் எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரை வைத்தாலும் அதன் அலையின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும்.

ஃபைபர் பெட்டியை இடம் மாற்றத் தேவையில்லை. அதிலிருந்து நீண்ட வலையமைப்புக் கம்பி ஒன்றை இழுத்து, வீட்டின் நடுப்பகுதியில் ரவுட்டரைத் திறந்த தட்டொன்றின் மீது ஆள் உயரத்தில் வைத்தால் போதும். இவ்வகைக் கம்பி 100 மீற்றர் நீளம் வரை வேகக்குறைவின்றிச் செயற்படும். வாடகை வீடாயின் சுவரில் துளையிடுவதற்கு முன்னர் வீட்டுச் சங்கத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. கதவோரப் பலகையை ஒட்டிக் கம்பியைக் கொண்டுசெல்வதற்குப் பெரும்பாலும் எவரும் மறுப்புக் கூறுவதில்லை.

தொடர்மாடிகளின் நிலை வேறு. வொல்ஸ்மோசெ போன்ற 1960களிலும் 1970களிலும் எழுந்த குடியிருப்புகளின் சுவர்களும் தளங்களும் கொங்கிறீற்றினால் ஆனவை. உள்ளே இரும்புக் கம்பி வலை உண்டு. அலை அதைக் கடக்கும்போது வலுவிழக்கின்றது. மேலும், ஒரே படிக்கட்டைப் பகிரும் வீடுகள் அனைத்தின் வைஃபையும் ஒன்றின் மீது ஒன்று மோதுகின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைப்பட்டையில் ஐரோப்பாவில் 13 தடங்கள் இருப்பினும், ஒன்றோடொன்று உரசாமல் இயங்கக்கூடியவை மூன்றளவே. நுண்ணலை அடுப்பும் அதே பட்டையில்தான் இரைச்சல் எழுப்புகின்றது. சோறு சூடாக்கும் நேரத்தில் அழைப்பு அறுவதன் காரணம் பல வீடுகளில் இதுவே. 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இடம் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும் ஆற்றல் குறைவு. தொலைக்காட்சியையும் மடிக்கணினியையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுவது செலவில்லாத ஒரு திருத்தம். தொலைக்காட்சி ரவுட்டருக்கு அருகில் இருப்பின் அதைக் கம்பியினால் இணைப்பது அதனினும் சிறந்தது. வைஃபையை நாள்தோறும் அதிகம் உண்ணும் கருவி அதுவாகையால், அது விலகினால் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும்.

இவற்றைச் செய்த பின்பும் தொலைவிலுள்ள அறைக்கு அலை போகவில்லையெனில், வலுவான ஒரே ரவுட்டரை வாங்குவதைவிட இரண்டாவது வைஃபை நிலையம் ஒன்றைச் சேர்ப்பதே பொருத்தம். ரவுட்டர் உரக்கப் பேசினாலும் கைபேசியின் குரல் திரும்பி அதை எட்ட வேண்டும். கைபேசியின் வலுவை எந்தப் புதிய ரவுட்டராலும் கூட்ட முடியாது. இரு நிலையங்களுக்கும் இடையே கம்பி இருந்தால் பலன் முழுமையாகக் கிடைக்கும். கம்பியின்றி இணைக்கும்போது இரண்டாவது நிலையத்தை அலை இறந்துபோன அறைக்குள் வைக்கலாகாது. அலை இன்னும் நன்றாக எட்டும் பாதி வழியில் வைக்க வேண்டும்.

ஆறும் ஏழும்

கடைகளில் வைஃபை 5, 6, 7 என்ற எண்கள் காணப்படுகின்றன. இவை தலைமுறைகளைக் குறிப்பவை. ஐந்தாவது 2013இலும், ஆறாவது 2019இலும், ஏழாவது 2024இலும் சந்தையில் சான்றிதழ் பெறத் தொடங்கின. ரவுட்டர் எந்தத் தலைமுறையாயினும் எதிர்முனையிலுள்ள கைபேசி அறிந்த மொழியிலேயே உரையாடல் நடக்கும். ஐஃபோன் வரிசையில் வைஃபை 6ஐ முதலில் ஏற்றது 2019இல் வந்த ஐஃபோன் 11. வைஃபை 7ஐ ஏற்றது 2024இல் வந்த ஐஃபோன் 16. வீட்டிலுள்ள கருவிகள் பெரும்பாலும் ஐந்தாம் தலைமுறையினவாக இருக்கையில் ஏழாம் தலைமுறை ரவுட்டர் வாங்குவது, எவரும் ஓட்டாத வண்டிக்காகச் சாலையை அகலமாக்குவதற்கு ஒப்பாகும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் இன்றைய பெரும்பாலான வீடுகளுக்கு ஆறாம் தலைமுறை போதுமானது.

கண்ணுக்குத் தெரியாத காரணம்

ரவுட்டர் என்பது ஒரு சிறு கணினி. அதன் மென்பொருளில் காலப்போக்கில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன; உற்பத்தியாளர் அவற்றை அடைக்கும் இற்றைப்படுத்தல்களை அனுப்புகின்றார். சில ஆண்டுகளின் பின் அம்மாதிரிக்கான அனுப்புதல் நின்றுவிடுகின்றது. பெட்டியின் விளக்குகள் அதன் பின்னரும் பச்சையாகவே ஒளிரும். ஆனால் அன்றிலிருந்து கண்டுபிடிக்கப்படும் ஒவ்வோர் ஓட்டையும் திறந்தே கிடக்கும்.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. 2018 மே மாதத்தில் விபிஎன்ஃபில்டர் எனப் பெயரிடப்பட்ட தீநிரல் 50க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 500,000 ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தமை வெளிவந்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., ஆதரவு முடிந்த பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றித் தம் அடையாளத்தை மறைக்கும் இடைவழியாகப் பயன்படுத்துவதாக எச்சரித்தது. இதன் பொருள், எங்கோ இருப்பவர் செய்யும் மோசடி ஒன்று ஒரு குடும்பத்தின் இணைய முகவரியிலிருந்து புறப்பட்டதாகவே தோன்றும். அக்குடும்பம் தன் இணையம் சற்று மெதுவாக இருக்கின்றது என்பதற்கு மேல் எதையும் அறியாது.

கைப்பற்றப்பட்ட ரவுட்டர் இன்னொன்றையும் செய்யக்கூடும். இணையத்தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும் அதன் முகவரியைத் தேடித் தரும் வேலையை ரவுட்டரே வழிப்படுத்துகின்றது. அந்த அமைப்பை மாற்றிவிட்டால் வங்கியின் பெயரைச் சரியாக எழுதியவரும் போலிப் பக்கத்தில் போய் நிற்கலாம். டென்மார்க்கில் 15 வயதுக்கு மேற்பட்டோர், விலக்குப் பெற்றோர் நீங்கலாக, அரச கடிதங்களை 2014 நவம்பர் 1 முதல் டிஜிட்டல் போஸ்ட் வழியாகவே பெறுகின்றனர். வங்கி, வரி, மருத்துவம் அனைத்துக்கும் மிட்ஐடி ஒன்றே திறவுகோல். உலாவி சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையைக் காட்டும்போது அதைத் தாண்டிச் சென்று மிட்ஐடியைப் பயன்படுத்தலாகாது.

ஆகவே ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, உற்பத்தியாளரின் தளத்தில் அதற்குக் கடைசியாக இற்றைப்படுத்தல் வந்தது எப்போது என்று பார்ப்பது பயனுள்ளது. ஆதரவு முடிந்தது என்று இருப்பின் வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றுவதே முறை. டபிள்யூபிஏ2 என்ற பூட்டுமுறைகூட இல்லாத கருவிக்கும் இதே முடிவுதான். அம்முறை 2004ஆம் ஆண்டினது. ஆதரவு இன்னும் தொடருமானால் தானியங்கி இற்றைப்படுத்தலை இயக்கி, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் வசதியை நிறுத்திவிட்டுப் பழையதையே வைத்துக்கொள்ளலாம்.

ரவுட்டர் யாருடையது?

பணம் கொடுத்து வாங்குமுன் இக்கேள்விக்கு விடை காண வேண்டும். பல சேவை நிறுவனங்கள் ரவுட்டரை இரவலாகவே தருகின்றன. அவ்வாறாயின் அதன் பாதுகாப்பை உறுதிசெய்யுமாறு நிறுவனத்தையே கேட்கலாம். தொலைபேசியில் “சிக்கர்ஹெட்ஸ் ஒப்டேட்டரிங்” என்ற சொல்லைக் கூறி, இந்த மாதிரிக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இன்னும் வருகின்றதா என்று நேராகக் கேட்டால், பழைய பெட்டிக்குப் பதிலாகப் புதியது கட்டணமின்றி வந்து சேர்வதும் உண்டு. மூன்று அளவீட்டு எண்களும் அவ்வேளையில் கையில் இருந்தால் உரையாடல் விரைவில் முடியும். டேனிஷ் மொழியில் தயங்கும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் பேசுவது வழமை. ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளதோ அவரும் அருகில் இருப்பது நல்லது.

சொந்த ரவுட்டரைப் பயன்படுத்தும் உரிமையை 2015ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி வழங்குகின்றது. சுவரிலுள்ள ஃபைபர் பெட்டி மட்டும் அப்படியே இருக்க வேண்டும். புதியது வாங்குவோர் சிஇ குறியுள்ளதை ஐரோப்பியக் கடைகளில் வாங்குவது பாதுகாப்பானது. 2025 ஆகஸ்ட் 1 முதல் இங்கு சந்தைக்கு வரும் இணைய வானொலிக் கருவிகள் ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புத் தேவைகளை நிறைவுசெய்ய வேண்டும். டென்மார்க்கில் வாங்கிய பொருளின் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டு முறையீட்டுரிமை உண்டு. இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் மனம் மாறலாம். புதிய ரவுட்டர் தருவதாகக் கூறி விற்பனையாளர் நீண்ட ஒப்பந்தத்தை முன்வைத்தால், நுகர்வோரை ஆறு மாதங்களுக்கு மேல் கட்டிவைக்க முடியாது என்பதை நினைவிற்கொள்ளலாம். நிறுவனத்துடனான பிணக்கு எழுத்து மூலம் முறையிட்டும் தீராவிடில் தொலைத்தொடர்பு முறைப்பாட்டுச் சபையை நாடலாம்.

மிட்ஐடி, டிஜிட்டல் போஸ்ட் தொடர்பான உதவிக்குக் குடிமக்கள் சேவை நிலையம் உள்ளது. வீட்டு இணையம் தடைப்பட்ட நாட்களில் தொடருந்து நிலையத்தருகே போர்கர்னெஸ் ஹூஸில் உள்ள மத்திய நூலகத்தைப் பயன்படுத்தலாம். முதியோருக்குக் கணினி சார்ந்த உதவி வழங்கும் தொண்டர்கள் எல்ட்ர சேயன் அமைப்பின் கிளைகளில் உள்ளனர்.

மாற்றிய பின் பழைய கருவியை அப்படியே ஒதுக்கி வைக்கலாகாது. அதில் வீட்டின் கடவுச்சொற்கள் பதிந்திருக்கும். பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியை விட்டுச் சில செக்கன்கள் அழுத்தினால் அனைத்தும் அழியும். இரவல் கருவியாயின் மின்னிணைப்புக் கம்பியுடன் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பி, அனுப்பிய பற்றுச்சீட்டைப் பாதுகாக்க வேண்டும். திரும்பாத கருவிக்குக் கட்டணம் அறவிடப்படலாம். சொந்தக் கருவியாயின் அதை இலத்திரனியல் கழிவாக மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆதரவு முடிந்த ரவுட்டரை ஊருக்கு அனுப்பும் பொதிக்குள் வைப்பது உதவியாகாது. ஓட்டையும் அதனுடனேயே பயணம் செய்யும்.