வாழ்ந்தவர்கள் எழுதிய புத்தகங்கள்

நூல்நிலையத்துக்குப் போய்வரும் நம் குடும்பங்களில் தாய்மார்கள் நாவல் எடுக்கிறார்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு உதவும் பயிற்சி நூல்களை எடுக்கிறார்கள். பெரியவர்கள் பத்திரிகையைப் புரட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாழ்க்கை வரலாறுகள் அடுக்கியிருக்கும் அலமாரிப் பக்கம் போகிறவர்கள் குறைவு. ஏன் என்று கேட்டால், “அதெல்லாம் பெரிய மனிதர் கதை. பால்மரக் காட்டில் கிடந்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?” என்ற பதில்தான் வருகிறது.

இந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. வாழ்க்கை வரலாறு என்ற பெயரில் வெளிவரும் நூல்களில் ஒரு பகுதி வெறும் மாலைக் கணக்குத்தான். எந்தக் கூட்டத்தில் யார் பொன்னாடை போர்த்தினார், எந்த அமைச்சருடன் நின்று படம் எடுத்துக்கொண்டார் என்பதோடு புத்தகம் முடிந்துவிடும். அப்படிப்பட்டதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்; குற்றமில்லை. நல்ல நூலைக் கண்டுகொள்ள ஒரு வழி சொல்கிறோம். முன்னுரையைப் படிக்காதீர்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். அந்த மனிதர் யாரிடம் கடன் பட்டார், எதற்குப் பயந்தார், அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்பது போன்ற சங்கதி ஒன்றாவது கண்ணில் பட்டால், அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம். நூல்களை எண்முறைப்படி அடுக்கியிருக்கும் நூல்நிலையங்களில் இவை பெரும்பாலும் 920 என்ற எண்ணை ஒட்டி இருக்கும். அலமாரி தெரியாவிட்டால் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

நம் நாட்டு நூல் ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஈப்போவில் கார்த்திகேசு என்றொரு மருத்துவர் இருந்தார். தைப்பிங்கைச் சேர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். அவர் மனைவி சிபில் கார்த்திகேசு. 1899-இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண்மணி. தேர்ந்த தாதி, மருத்துவச்சி. கணவனும் மனைவியும் ஈப்போவில் மருந்தகம் நடத்தி வந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது குடும்பம் பக்கத்தில் உள்ள பாப்பான் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது.

பாப்பானைச் சுற்றியிருந்த மலைக்காட்டில் ஜப்பானியரை எதிர்த்தவர்கள் மறைந்திருந்தார்கள். குண்டடி பட்டவர்களும் காய்ச்சலில் கிடந்தவர்களும் இரவு நேரத்தில் அந்த வீட்டின் பின்கதவைத் தட்டுவார்கள். அந்த அம்மாள் அவர்களுக்குக் காயம் கட்டி மருந்து கொடுத்து அனுப்புவார். வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியையும் ஒளித்து வைத்திருந்தார்கள். அதற்கு ‘ஜோசபின்’ என்று பெயர். யாராவது காதில் விழும்படி பேச நேர்ந்தால் ஏதோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதாகத்தானே தோன்றும்! வானொலி கேட்டதற்காக உயிரே போகக்கூடிய காலம் அது. இன்று வேலை செய்துகொண்டே வானொலி கேட்கும் நாம் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்கலாம்.

1943-இல் சிபில் பிடிபட்டார். விசாரணை என்ற பெயரில் ஜப்பானிய இராணுவப் போலீசார் செய்த சித்திரவதைகளை அவரே எழுதியிருக்கிறார். சிறு குழந்தையாக இருந்த தம் மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டிய நாளையும் எழுதியிருக்கிறார். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தை உயிர் தப்பியது. தாயார் பத்துகாஜா சிறையிலிருந்து 1945-இல் வெளியே வந்தபோது நடக்க முடியாத நிலையில் இருந்தார். சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஜார்ஜ் பதக்கம் அளிக்கப்பட்டது. 1948 ஜூனில் ஸ்காட்லாந்தில் காலமானார். பிறகு அவர் உடல் ஈப்போவுக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதி வைத்தது 1954-இல் ‘நோ டிராம் ஆப் மெர்சி’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் நூலாயிற்று.

ஆங்கில நூலைச் சொல்கிறார்களே என்று எண்ண வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், நாளுக்கு நான்கு பக்கம் படித்துத் தமிழில் சொல்லட்டும். பாட்டி கேட்டுக்கொண்டிருக்கட்டும். மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஜப்பான்காரன் காலத்தைக் கடந்த கதை எந்தக் குடும்பத்திலும் உண்டு. பாதி அத்தியாயம் படிப்பதற்குள் பாட்டி தன் தாயார் சொன்ன கதையை ஆரம்பித்துவிடுவார். அப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைக் கேளுங்கள்.

மலாய் மொழியில் படிப்பதற்கு ஒரு பழைய நூலைச் சொல்வோம்: முன்ஷி அப்துல்லா எழுதிய ‘ஹிக்காயத் அப்துல்லா’. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அவருடைய முன்னோர் கதையில் நாகூர் இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்துக் குடியேறியவர். அந்த வழியில் மலாக்காவில் 1796-ஐ ஒட்டிப் பிறந்தவர் அப்துல்லா. சிறு வயதில் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள் என்றும், கணக்கு வழக்குக்கும் வணிகர்களோடு பேசுவதற்கும் தமிழ் வேண்டும் என்பதால் மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் கற்பது அக்கால வழக்கம் என்றும் அவர் எழுதுகிறார். தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே இந்த மண்ணில் தமிழுக்கு இருந்த இடத்தை, மலாய் எழுத்தாளர் ஒருவரே சாட்சியாக நின்று சொல்கிறார். மலாக்காக் கோட்டையை 1807-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்ததை அவர் வருணிக்கும் இடம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பழங்கால மலாய்நடை கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். ஆசிரியரின் துணையோடு படிப்பது நல்லது.

தமிழ் நூல்களுக்கு வருவோம். காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’ பல நூல்நிலையங்களில் இருக்கிறது. தடித்த புத்தகம் என்று பலர் அஞ்சி விட்டுவிடுகிறார்கள். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்ததைச் சொல்லும் பகுதியில் பாலசுந்தரம் என்ற தலைப்பைத் தேடிப் பிடியுங்கள். பாலசுந்தரம் ஒரு தமிழர். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் முன்னால் வந்து நிற்கிறார். வெள்ளைக்காரர் முன்னால் போனால் தலைப்பாகையை அவிழ்த்துவிட வேண்டும் என்பது அங்கே கூலிகளுக்கு விதிக்கப்பட்ட பழக்கம். காந்தியிடமும் அப்படியே நின்றிருக்கிறார். அவர் முதலில் சொன்னது, தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்பதைத்தான். பிறகு மருத்துவரிடம் சான்று வாங்கி, நீதிபதியிடம் போய், அந்தக் கொடிய முதலாளியிடமிருந்து பாலசுந்தரத்தை விடுவித்து, வேறொருவரிடம் வேலைக்கு மாற்றி வைக்கிறார். சில பக்கங்கள்தாம். துரை வரும்போது சைக்கிளைவிட்டு இறங்கி நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரண்டு நூல்கள். ஒன்று உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. 1942-இல் அவர் மறைந்தபோது சரித்திரம் முடிவு பெறாமலே நின்றுவிட்டது. பெரிய புலவர் என்பதால் நடை கடினமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் போல ஓடும் தமிழ். மகனின் படிப்புக்காகத் தகப்பனார் ஊர் ஊராகக் குடி மாறுகிறார். சாப்பாட்டுக்கும் ஏட்டுக்கும் பிறர் தயவை நாட வேண்டியிருக்கிறது. கற்றதெல்லாம் போதும் என்று எண்ணியிருந்த வேளையில், 1880-இல், சேலம் இராமசுவாமி முதலியார் என்ற நீதிபதி அவரைப் பார்த்துச் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். படித்ததில்லை. அந்தக் கேள்வி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. சமணர் வீடுகளுக்குப் போய், அவர்கள் சொல்லக் கேட்டுப் பொருள் தெரிந்துகொண்டு, 1887-இல் அந்த நூலைப் பதிப்பித்தார். நாற்பது ஆண்டுக் கதையை எழுதியவருக்கு, முதல் நாள் சாப்பிட்டது கூட நினைவில் இருக்கிறது. அதுதான் அந்த நூலின் சுவை.

மற்றொன்று அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’. ஆங்கிலத்தில் 1999-இல் வந்து தமிழிலும் பெயர்க்கப்பட்டது. ஏவுகணை பற்றிய பக்கங்கள் சிலருக்குச் சலிப்பூட்டும், தாண்டிப் போகலாம். இராமேசுவரப் பகுதியை விடாதீர்கள். யுத்த காலத்தில் ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்துச் சம்பாதித்த முதல் காசு, கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது தமக்கை அடகு வைத்த தங்க வளையல் — இவையெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தமக்கைமார் காதில் கையில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துப் படித்த பிள்ளைகள் நம்மிடமும் உண்டு.

பெண்களுக்கென்று தனியாக ஒன்று கேட்பவர்களுக்குப் பாமாவின் ‘கருக்கு’. 1992-இல் வந்தது, சிறிய நூல். தமிழ்நாட்டுக் கிராமத்துச் சேரியில் பிறந்த பெண், சாதியால் பட்ட அவமானங்களைத் தம் ஊர்ப்பேச்சிலேயே எழுதியிருக்கிறார். சில சொற்கள் நம் காதுக்குப் புதிதாக இருக்கும். சில, பாட்டி பேசியவை போலவே இருக்கும். கப்பலேறி வந்தபோது சாதி அந்தக் கரையிலேயே நின்றுவிட்டதா என்ற கேள்வியையும் இந்த நூல் எழுப்பும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதைப் படிப்பது பொருத்தம் என்றே நாம் நினைக்கிறோம்.

சிங்கப்பூர் அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதனின் நினைவு நூல் 2011-இல் ஆங்கிலத்தில் வந்தது. மூவாரில் கழிந்த அவருடைய பிள்ளைப் பருவத்தில், 1930-களில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு குடும்பம் எப்படி நொறுங்கியது என்பதைக் காணலாம். பெரிய பதவிக்கு வந்ததைச் சொல்லும் பக்கங்களைவிட அந்தப் பக்கங்களே நம்மைத் தொடுகின்றன.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய ஒரு நூலையும் சொல்லியாக வேண்டும். கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். வெளியார் நுழைய முடியாதபடி தோட்டங்கள் அடைபட்டுக் கிடந்த காலத்தில், துணி விற்பவர் போல வேடமிட்டு லயங்களுக்குள் போய்த் தொழிலாளர் படும் பாட்டைப் பார்த்தவர். பின்னர் பத்திரிகை நடத்தினார்; 1931-இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். இவர் வரலாற்றை மலையகத்து எழுத்தாளர் சாரல் நாடன் எழுதியிருக்கிறார். எங்கும் எளிதாகக் கிடைக்காது. இல்லை என்று சொன்னால் விட்டுவிடாமல், வரவழைத்துத் தரும்படி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்பவர் இல்லாத நூலை எந்த நூல்நிலையமும் வாங்குவதில்லை.

இவ்வளவு நூல்களைச் சொன்னோம். பால் வெட்டியவர் ஒருவர் தம் கையால் எழுதிய வாழ்க்கைக் கதை எங்கே? 1942-இலும் 1943-இலும் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் பலர் திரும்பி வந்து நினைவு நூல்கள் எழுதினார்கள். அதே பாதையில் நம் தோட்டங்களிலிருந்து போனவர்கள் ஆயிரமாயிரம் பேர். ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்றவர்கள் அந்தத் துயரத்தை நாவலாக எழுதியிருக்கிறார்கள். படிக்க வேண்டிய நாவல்கள். ஆனால் போய் வந்தவர் தாமே எழுதியது மிக அரிது. அவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வாய்ப்பிருக்கவில்லை. கேட்டு எழுதிக்கொள்ளவும் ஆள் இல்லை. இன்று அவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் காண்பதே அரிது; அவர்களுடைய பிள்ளைகளுக்கும் எண்பது வயதாகிவிட்டது.

ஆகவே நூல்நிலையத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவரும்போது, கடையில் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வாருங்கள். கைத்தொலைபேசியில் பேச்சைப் பதிந்துகொண்டாலும் சரிதான். சிங்கப்பூரில் 1979 முதல் இப்படி வாய்மொழி வரலாறுகளை அரசாங்கமே பதிந்து காத்துவருகிறது. நம் வீட்டில் நாமே செய்யலாம். “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எந்தப் பாட்டியும், “என்னத்தைச் சொல்வது?” என்று கையை விரித்துவிடுவார். சின்னதாகக் கேளுங்கள். உங்கள் அப்பா வந்தது ‘ரஜூலா’ கப்பலிலா? பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டா வெட்டுக்குப் போனீர்கள்? ஒரு நாள் சம்பளம் எவ்வளவு? அப்போது அரிசி என்ன விலை? சயாமுக்குப் போனவர்களில் நம் சொந்தத்தில் யார் திரும்பவில்லை?

சொல்கிற முறையிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சொன்ன நாளையும் சொன்னவர் பெயரையும் மேலே குறித்து வையுங்கள். தோட்டத்தின் பெயரை எழுதும்போது கம்பெனி வைத்த பெயரோடு நம்மவர்கள் வழங்கிய பெயரையும் கேட்டு எழுதுங்கள். பல தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. கம்பெனிப் பெயரைப் பழைய பத்திரங்களில் தேடிப் பிடித்துவிடலாம். நம்மவர்கள் வழங்கிய பெயர் பாட்டியிடம் மட்டுந்தான் இருக்கிறது.