சின்னமுத்தும் ஏ உயிர்ச்சத்தும்

கொடிய வைரசு நோயொன்று உடலை விட்டு நீங்குதல் வேறு. உடல் தன் பழைய வலிமையை எய்துதல் வேறு. இவ்வேறுபாட்டைச் சின்னமுத்து நன்கு காட்டும். சின்னமுத்தினால் இறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலோர் அதனைத் தொடர்ந்து வரும் நிமோனியாவினாலும் வயிற்றோட்டத்தினாலுமே இறக்கின்றனர். பிழைத்தவருட் சிலர் பார்வையை இழக்கின்றனர்.

இதற்குக் காரணம் யாது? சுவாசக் குழாய், குடல், கண் என்பவற்றை மூடிநிற்கும் மென்படலம், விற்றமின் ஏ எனப்படும் உயிர்ச்சத்தின் துணையின்றிச் செவ்வனே புதுப்பிக்கப்படுவதில்லை. சின்னமுத்துத் தாக்குவதும் அப்படலத்தையே. காய்ச்சற் காலத்தில் இவ்வுயிர்ச்சத்து மிகுதியாகச் செலவாகின்றது. ஒரு பகுதி சிறுநீருடன் கழிகின்றது. குழந்தையோ உணவை வெறுக்கின்றது. தேவை மிகுந்த வேளையிலேதான் வரவு குன்றுகின்றது.

1932ஆம் ஆண்டிலே யோசப் எலிசன் என்னும் வைத்தியர், இலண்டன் வைத்தியசாலையொன்றிற் சின்னமுத்துக் கண்ட 600 குழந்தைகளை இரு கூறாக்கினார். 300 பேருக்கு ஏ உயிர்ச்சத்துச் செறிந்த மருந்து ஊட்டப்பட்டது. ஏனைய 300 பேர் வழக்கமான பராமரிப்பை மாத்திரம் பெற்றனர். முதற் கூட்டத்தில் 11 பேரும் மற்றையதில் 26 பேரும் இறந்தனர். இத்துணைத் தெளிவான முடிவு ஏறத்தாழ அரைநூற்றாண்டு காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது வியப்பே. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் தோன்றி வைத்திய உலகின் கருத்தை ஈர்த்துக்கொண்டன போலும்.

அதனை மீண்டும் வெளிக்கொணர்ந்தவை பிற நாட்டு ஆய்வுகளாகும். அல்பிரட் சோமரும் அவர்தம் குழுவினரும் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் நடத்திய ஆய்வு 1986இல் வெளிவந்தது. ஆறு மாதத்திற்கு ஒரு முறை இவ்வுயிர்ச்சத்து வழங்கப்பட்ட ஊர்களிலே குழந்தை மரணம் மூன்றிலொரு பங்களவு குறைந்தது. 1987இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும், இக்குறைபாடு மிகுந்த நாடுகளிற் சின்னமுத்துக் கண்ட குழந்தைகளுக்கு இதனை வழங்குமாறு பரிந்துரைத்தன. 1990இல் வெளியான கேப் ரவுன் ஆய்வு இன்னும் நுட்பமானது. அப்பகுதிக் குழந்தைகளிடத்துக் குறைபாட்டின் வெளியடையாளங்கள் அரிதாகவே காணப்படுவன. எனினும் நோயுற்றோரின் இரத்தத்தில் உயிர்ச்சத்து மிகத் தாழ்ந்திருந்தது. அங்கே 189 குழந்தைகளுள், உயிர்ச்சத்துப் பெற்ற 92 பேரில் இருவரும், பெறாத 97 பேரிற் பதின்மரும் இறந்தனர். நிமோனியாவும் வயிற்றோட்டமும் பெற்றோருக்கு விரைந்து தணிந்தன.

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இன்று விதிக்கப்படும் அளவு, அடுத்தடுத்த இரு நாட்களில் நாளொன்றுக்கு 200,000 அலகு. ஒரே முறை கொடுத்த ஆய்வுகளில் இப்பயன் தெளிவாகப் புலப்படவில்லை.

ஆனால் இவ்வுயிர்ச்சத்து வைரசைக் கொல்வதுமன்று, நோய் தொற்றாது தடுப்பதுமன்று. தடுக்க வல்லது 1963இல் வந்த தடுப்பூசியே. இலங்கையில் அது 1984 முதல் போடப்படுகின்றது. மேலும், கொழுப்பிற் கரையும் இச்சத்து மிகுந்தால் எளிதிற் கழியாது ஈரலிலே தங்கும். 2025இல் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திற் சின்னமுத்துப் பரவியபோது, வைத்தியசாலை சேர்ந்த சில குழந்தைகளிடத்து இச்சத்து மிகையானதால் ஈரல் தாக்கமுற்ற குறிகள் காணப்பட்டன. மேற்கூறிய அளவு வைத்தியர் கையாலேயே கொடுக்கப்படற்பாலது.

நோய் தணிந்தபின் வேண்டப்படுவது உணவே. நம் கிராமங்களில் அம்மாள் வருத்தம் என அஞ்சி எண்ணெயையும் மச்சத்தையும் விலக்குவர். குழந்தையைத் தனித்திருத்தி, வீட்டைத் தூய்மையாக வைக்கும் வழக்கம் போற்றத்தக்கது. பட்டினிப் பத்தியம் அத்தகையதன்று. பாலிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இவ்வுயிர்ச்சத்து ஆயத்தமாகவே உண்டு. முருங்கையிலை, பப்பாசிப்பழம், கரற் என்பவற்றிலுள்ள கரோட்டின் உடலினுள்ளேதான் உயிர்ச்சத்தாக மாறும். அது குடலில் உறிஞ்சப்படுதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். ஆதலால் முருங்கையிலையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தல் நன்று. தாய்ப்பாலுண்ணும் குழந்தைக்கு நோய்க்காலத்திலும் அதனை நிறுத்தலாகாது. இழந்த நிறையை மீளப்பெறும்வரை, நாள்தோறும் ஒரு வேளை உணவு மிகுதியாகக் கொடுத்துவரல் வேண்டும்.