தாய் சி: விழாமல் நிற்கப் பழக்கும் சண்டைக்கலை

சிங்கப்பூரில் சூரியன் எழ ஏறத்தாழ ஏழு மணி ஆகிவிடும். தோ பாயோ முதியவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் விளக்கு வெளிச்சத்திலேயே தாய் சி தொடங்கிவிடுகிறது. லோரோங் 8-இல் வைராவிமட காளியம்மனைக் கும்பிடப் போகும் தமிழர்களுக்கு இது பழகிய காட்சிதான். வேகத்தைக் குறைத்து ஓட்டிய நடனக் காணொளிபோலத் தெரியும் அந்த அசைவுகள் அடியாகவும் தடுப்பாகவும் எதிராளியைக் கவிழ்க்கும் உத்தியாகவும் பிறந்தவை.

17ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஹெனான் மாநிலத்துச் சென் குலத்தார் கிராமத்தில் உருவான கலை இது. 19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் அங்கே பயின்று பெய்ஜிங்கில் கற்பித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883-1936) அதை எல்லா வயதினரும் செய்யும்படி நிதானமாக்கினார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை 24 நிலைகள் கொண்ட சுருக்க வடிவத்தை வகுத்தது. பூங்காக்களில் பரவலாகக் காண்பது இதுதான்.

கையைப் பார்க்காமல் காலைக் கவனியுங்கள். முழங்கால் சற்று மடிந்திருக்கும். உடல் எடை முழுவதும் ஒரு காலுக்கு மாறிய பிறகே மற்றக் கால் தரையைவிட்டு எழும். வேகமாக நடக்கும்போது தடுமாற்றத்தை அடுத்த அடி மறைத்துவிடும். மெதுவாகச் செய்தால் அந்தச் சலுகை இல்லை. தொடைத் தசை, கணுக்கால், பாதத்தின் உணர்வு நரம்புகள், உள்காது எல்லாம் விடாமல் வேலை செய்தாக வேண்டும். இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்துச் செய்யும் 'தள்ளு கை' பயிற்சியின் இலக்கும் இதே: தன் நிலை குலையாமல் எதிராளியின் நிலையைக் குலைப்பது.

தோ பாயோ 1960களில் எழத் தொடங்கிய வீடமைப்புப் பேட்டை. அன்று இளந்தம்பதியாகக் குடிவந்தவர்கள் எண்பதை எட்டிவிட்டார்கள், சிலர் தாண்டியும் விட்டார்கள். அந்த வயதில் தெருச் சண்டைக்காரனைவிடக் குளியலறைத் தரைதான் பெரிய எதிரி. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

இங்கேதான் அந்தப் பழைய போர்த்திறன் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எழுபது வயதைக் கடந்த, விழும் அபாயமுள்ள 670 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. வாரம் இரு முறை, 24 வாரங்கள். தாய் சி பயின்றவர்கள், உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். பலவகை உடற்பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களைவிட 31 விழுக்காடு குறைவு. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடந்த 2012ஆம் ஆண்டு ஆய்விலும் சமநிலை மேம்பட்டது. ஆனால், விழுவதைத் தடுப்பதில் எடைப் பயிற்சியைவிடத் தாய் சி தெளிவாக விஞ்சவில்லை. அதை மாயமருந்தாக விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சண்டைக்கு உதவுமா? 1954இல் மக்காவ் மேடையில் 53 வயது தாய் சி ஆசான் வூ கோங்யீ, தம்மைவிட மிக இளையவரான வெண்கொக்குப் பாணி வீரர் சென் கஃபுவோடு மோதினார். வெற்றி தோல்வி அறிவிக்காமல் நடுவர்கள் நிறுத்திவிட்டார்கள். 2017இல் செங்டுவில் வெய் லெய் என்ற தாய் சி ஆசானை நவீனக் கலப்புச் சண்டை வீரர் ஷு ஷியாவ்தோங் அரை நிமிடத்துக்குள் தரையில் சாய்த்தார். நிலைகளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் சண்டை வராது. தள்ளு கையும், எதிர்த்து அடிக்கும் ஆளோடு மோதிப் பார்ப்பதும் வேண்டும்.

விழாமலிருக்க அவ்வளவு தேவையில்லை. ஓரிகன் ஆய்வில் கற்பித்தது 24 நிலைகளிலிருந்து திரட்டிய எட்டே வடிவங்கள். அருகிலுள்ள சமூக மன்றத்தில் வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். தலைச்சுற்றலோ மூட்டுவலியோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். தொடக்கத்தில் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். அதைப் பிடிக்க வெட்கப்படாதீர்கள்.